குச்சி வந்த வழி: கெங்கவல்லியிலிருந்து எடப்பாடிக்கு இரண்டு நாள்

இந்த வலைப்பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் அருவி இல்லை, மலைக்கோயில் இல்லை, பரோட்டாக் கடை விமர்சனமும் இல்லை. போன தை மாதக் கடைசி வாரத்தில் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் சுற்றியது மரவள்ளிக் குச்சி, அதாவது விதைக்குப் பதிலாக நடும் தண்டு, பார்க்க. யாராவது புது ரகக் குச்சி வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு இந்த வழித்தடமும் நான் பட்ட பாடும் உதவலாம்.

காரணம் என் அக்கா பரிமளா. கெங்கவல்லிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர். மாமா போர் போடும் ரிக் வண்டியில் ஒடிசா பக்கம் போனால் திரும்ப நான்கைந்து மாதம் ஆகும், அதனால் காடு (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) அக்கா பொறுப்பு. ஒரு காலத்தில் அந்த ஒன்றரை ஏக்கரில் பன்னிரண்டு டன் கிழங்கு எடுத்தவள். அது ஒன்பதாகி, ஏழாகி, இந்த முறை ஐந்தரைக்கு வந்து நின்றது. இலையெல்லாம் மஞ்சள் திட்டு விழுந்து முறுக்கிக்கொள்ளும் தேமல் நோய். இதைத் தெரிந்துகொண்டு கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வந்து, ஷெட் போடப் பத்து வருடக் குத்தகைக்கு நிலத்தைக் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஷெட்டுக்கு சிமெண்ட் தளம் போட்டுவிட்டால் அது மறுபடி காடாகாது என்று அக்காவுக்குத் தெரியும்.

இதற்கு நடுவில் குச்சி ஏஜென்ட் ஒருவர் முளைத்தார். தேமலே வராத புது ரகம், பெயர் ஏழாம் நம்பர். இதை நட்டால் ஷெட்டுக்கு விட வேண்டியதில்லை என்று அவர் சொல்ல, அக்கா எனக்குப் போன் செய்தாள். "டேய், நீ எல்லாத்தையும் சந்தேகப்படுறவன்தானே. வந்து இந்த ஆளப் பாத்துட்டுப் போ" என்றாள். வீட்டில் என் மனைவி வைத்திருக்கும் பெயரும் சந்தேகப் பிராணிதான். சேலத்தில் லாரி புக்கிங் ஆபீசில் இருபது வருடம் உட்கார்ந்தால் யாரும் அப்படித்தான் ஆவார்கள். டன் குறையாத லோடை நான் இன்னும் பார்த்ததில்லை.

வியாழன் காலை 5.40க்கு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஆத்தூர் பஸ். 53 கிலோமீட்டர், 40 ரூபாய். ஆத்தூரில் ஒரு டீ, அங்கிருந்து கெங்கவல்லிக்கு 15 கிலோமீட்டர், 12 ரூபாய். எட்டு மணிக்கு அக்கா வீட்டில் இட்லி முன்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்கு ஏஜென்ட் பைக்கில் வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பின் சீட்டில் ஒரு கட்டுக் குச்சி. சேறு படாத செருப்பைப் பார்த்ததும் எனக்கு முதல் சந்தேகம் வந்துவிட்டது.

அவர் மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, தேமல் வராது. இரண்டு, ஏக்கருக்குப் பதினாலு டன். மூன்று, பாயிண்ட் குறையாது. பாயிண்ட் என்றால் கிழங்கில் உள்ள மாவின் அளவு. ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் கிழங்குக்கு விலை வைப்பது எடையோடு இந்தப் பாயிண்டையும் பார்த்துத்தான். பிறகு போனில் ஒரு படம் காட்டினார். ஒரு விவசாயி தன் இடுப்பு உயரத்துக்கு ஒரு கிழங்கைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிழங்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் நீட்டி, ஆளைத் தள்ளி நிறுத்தி எடுத்தால் வெண்டைக்காய்கூட அந்த உயரம் வரும்.

"இந்த ஆளு எந்த ஊரு?"

"எடப்பாடி பக்கம் சார். தங்கமுத்துன்னு பேரு. நம்பர் தரேன், நேர்ல போயே பாருங்க."

"போறேன்" என்றேன். இதை அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் முகம் மாறாமல் நம்பரை எழுதிக் கொடுத்தார். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

கிளம்பும்போது அக்கா குரலைத் தாழ்த்தி, "ஒரு குச்சி நாலு ரூவான்றான்டா. குச்சிக்கெல்லாம் எவனாச்சும் காசு வாங்குவானா?" என்றாள். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மரவள்ளிக் குச்சியை விற்கிற வழக்கம் கிடையாது. கிழங்கு பிடுங்கியதும் தண்டை வெட்டி, தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைச் சொந்தக்காரர், பக்கத்துக் காட்டுக்காரர் என்று கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மோருக்கு யாராவது காசு கேட்டால் எப்படிப் பார்ப்போமோ, குச்சிக்குக் காசு கேட்டாலும் அப்படித்தான் பார்ப்போம்.

கெங்கவல்லியில் 10.05க்கு ஏறி, ஆத்தூரில் மாறி, 11.10க்கு ராசிபுரம் பஸ் பிடித்தேன். 42 கிலோமீட்டர், 32 ரூபாய், ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், வெயில் படாது என்று கண்டக்டர் சொன்னார். சொன்னதற்கு நேர்மாறாக இடது பக்கம் உட்கார்ந்து காய்ந்தேன். ராசிபுரத்தில் இறங்கி ஆட்டோ பேசி, ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சேகோ மில்லுக்குப் போனேன். ஆட்டோ 150 ரூபாய், காத்திருக்க இன்னொரு 50. மில் பெயர் வேண்டாம். அங்கே எடை போடும் பெரியண்ணன் என்பவரை எங்கள் ஆபீஸ் டிரைவர் ஒருவர் மூலம் தெரியும். ஏஜென்ட் சொன்ன மூன்றாவது விஷயத்தை அவரிடம்தான் சோதிக்க வேண்டும்.

பாயிண்ட் பார்ப்பதை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். லோடிலிருந்து கையில் கிடைத்த கிழங்காக அள்ளி ஐந்து கிலோ எடை வைக்கிறார்கள். பிறகு அதே கிழங்கைக் கூடையோடு தண்ணீர்த் தொட்டியில் முக்கி, தண்ணீருக்குள் எவ்வளவு எடை காட்டுகிறது என்று பார்க்கிறார்கள். மாவு அதிகமிருந்தால் தண்ணீருக்குள்ளும் கனம். அந்தக் கணக்கு பாயிண்ட் ஆகிறது. நான் சும்மா இருப்பேனா? என் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்தத் தராசில் வைத்தேன். ஒரு கிலோவுக்கு மேல் இருபது கிராம் காட்டியது.

"பாத்தீங்களா, இருவது கிராம் தப்பு" என்றேன்.

"பாட்டிலு எடை இருக்குதுங்களே சார்" என்றார் பெரியண்ணன். சுற்றி நின்ற லோடுமேன்கள் சிரித்தார்கள். பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏழாம் நம்பர் பற்றிக் கேட்டேன். அன்று காலை வந்த ஒரு லோடு அந்த ரகம்தானாம், இருபத்தேழு பாயிண்ட். அதற்கு முன்னால் வந்த பழைய ரகம் ஒன்று இருபத்தெட்டு, இன்னொரு பழைய ரகம் இருபத்துநாலு. "குச்சிய மட்டும் சொல்லாதீங்க. பத்து மாசம் விட்டுப் புடுங்குனா ஒரு பாயிண்டு, அவசரப்பட்டு ஏழு மாசத்துல புடுங்குனா ஒரு பாயிண்டு. மழ பேஞ்சதும் புடுங்குனா இன்னும் போச்சு. எல்லாத்துக்கும் குச்சி மேல பழி போட்டா அது என்னங்க பண்ணும்?" என்றார். பிறகு ஒரு மூலையில் குவிந்திருந்த விரல் தடிமன் கிழங்குகளைக் காட்டினார். தேமல் அடித்த காட்டிலிருந்து வந்தவையாம். "இதுல பாயிண்டு இருந்தென்ன, இல்லாட்டி என்னங்க? தோலு போக என்ன மிஞ்சும்?"

அக்காவின் ஐந்தரை டன் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது உறைத்தது. போனில் அவள் டன் கணக்கு மட்டும்தான் சொல்லுவாள், கிழங்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மாலை ராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்கு 27 கிலோமீட்டர், 22 ரூபாய். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் 600 ரூபாய், கொசுவர்த்தி தனியாக 10 ரூபாய். ஆம்லெட் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். முட்டை ஊரில் ஆம்லெட் ஏன் பதினெட்டு ரூபாய் என்பது என் தீராத சந்தேகங்களில் ஒன்று.

வெள்ளிக்கிழமை 6.15க்கு நாமக்கல்லில் திருச்செங்கோடு பஸ். 34 கிலோமீட்டர், 26 ரூபாய். அங்கே மாறி சங்ககிரி வழியாக எடப்பாடி, 30 கிலோமீட்டர், 25 ரூபாய். 8.50க்கு எடப்பாடியில் இறங்கியதும் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். தங்கமுத்துவுக்கு நான் போன் செய்யவில்லை. சொல்லிவிட்டுப் போனால் அந்த ஒரு பெரிய கிழங்கை வெளியே எடுத்து வைத்துவிடுவாரோ என்ற பயம். ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பெயர் சொன்னேன். ஏழு கிலோமீட்டர், 180 ரூபாய்.

"குச்சிக்காரரு ஊட்டுக்குங்களா?" என்றார் அவர்.

"ஏன், நிறையப் பேர் போறாங்களா?"

"வாரத்துக்கு நாலு பேரு வாராங்க. நானே கொண்டுபோய் உட்டிருக்கறனுங்க."

சரிதான், ஆட்டோக்காரரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

தங்கமுத்து படத்தில் இருந்ததைவிடக் குள்ளம். ஆகவே கிழங்கின் நீளத்தில் பாதி அவருடைய உயரக்குறைவு என்று குறித்துக்கொண்டேன். "வாங்க சாமி" என்று கூப்பிட்டு, யார் என்ன என்று கேட்பதற்கு முன்னால் அவர் மனைவி சரசு அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். தங்கமுத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தார்.

காடு நன்றாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன். தலைக்கு மேல் வளர்ந்த செடி, இலையில் ஒரு திட்டு இல்லை. எந்தச் செடி என்று நீங்களே காட்டுங்கள் என்றார். வரப்போரத்தில் காட்டுவேன் என்று எதிர்பார்ப்பார் என்பதால் நடுவில் போய், இருப்பதிலேயே சோனியான செடியைக் காட்டினேன். பிடுங்கினார். என் கையால் மூன்று சாண் நீளத்தில் இரண்டு, சிறியது நான்கு. மண்ணைத் தட்டி என் கையில் கொடுத்தபோது கைவலி எடுத்தது.

நான் அடுத்த அம்பை எடுத்தேன். "ஏஜென்ட் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க. ஆனா அவரு விக்கறது எங்காட்டுக் குச்சிதானுங்க. எங்ககிட்ட வாங்கித்தான் விக்கறாரு."

பிடித்தேன் என்று எனக்குள் துள்ளினேன். குச்சி விற்பவரே சாட்சி சொன்னால் அது என்ன சாட்சி? நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அந்தப் பக்கம் நான்கு வரிசையைக் காட்டினார். அது பழைய குங்கும ரோஸ் ரகம். போன வருடம் நோயில்லாத செடியாகப் பார்த்துக் குச்சி எடுத்து நட்டதாம். அதுவும் பச்சையாகவே நின்றது.

"புதுசுக்கும் இதுக்கும் ஏக்கருக்கு ரெண்டு, மூணு டன்னுதானுங்க வித்தியாசம். நோவு புடிச்ச குச்சிக்கும் நல்ல குச்சிக்கும்தான் பாதிக்குப் பாதி. இத ஏஜென்டு சொல்லமாட்டாருங்க, அவருக்கு வியாபாரம். பதினாலு டன்னுங்கறதும் எம்பட சொட்டுநீரு, பத்து நாளைக்கு ஒருக்கா தண்ணி, எல்லாஞ் சேத்திதானுங்க. உங்கக்கா காட்டுல தண்ணி எப்புடி?"

"கிணறு மாசியோட அடங்கிடும்."

"அப்பறம் ஒம்போது, பத்து வந்தாலே பெருசுங்க."

வியாபாரத்துக்கு எதிராகப் பேசும் வியாபாரியை என்ன செய்வது? என்னுடைய சந்தேகத்தை வைக்க இனி இடமில்லாமல் போனது. அதனால் வேறு பக்கம் திருப்பினேன். நோய் எங்கிருந்து வருகிறது, வெள்ளை ஈதானே காரணம், அதைத் தடுக்க முடியாதே என்றேன்.

அவர் வேலிக்கு அப்பால் பக்கத்துக்காரர் காட்டில் நின்ற ஒன்றரை மாதச் செடி இரண்டைக் காட்டினார். முதல் செடியில் கீழ் இலைகள் சுத்தமாக இருந்தன, மேலே குருத்தில்தான் மஞ்சள். "இது ஈயி கொண்டாந்ததுங்க. நட்டப்பறம் வந்தது." இரண்டாவது செடியில் அடியில் விட்ட முதல் இலையிலிருந்தே திட்டும் முறுக்கலும். "இது குச்சியிலயே வந்ததுங்க. ஈயி மேல தப்பில்ல. குடுத்தவங்க மேல தப்பு."

அடியிலிருந்து மேலே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு எளிதான ஒன்றை எங்கள் பக்கம் ஏன் யாரும் பார்ப்பதில்லை என்று கேட்டேன். அதற்கு, பின்னாலேயே வந்திருந்த சரசு அக்கா பதில் சொன்னார்.

"சும்மா குடுக்கறப்ப எவனுங்க எலையப் பாக்கறான்? பாத்தா மொறையா இருக்குமா? நாங்க காசுக்கு விக்கறோம்னு ஊர்ல பேசாத பேச்சில்ல. ஆனா காசு குடுக்கறவங்க ஒவ்வொரு குச்சியாத் தளிர் பாத்துத்தான் எடுக்கறாங்க. உங்கக்காளுக்கு இப்ப இருக்கற குச்சி யாரு குடுத்ததுங்க?"

கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன்.

கொடுத்தது நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓமலூர் பக்கம் என் மாமனார் காட்டில் கிழங்கு பிடுங்கியபோது, என்ன கிழங்கு, என்ன ரகம் என்று எனக்கு ஒரே பெருமை. அக்கா வைத்திருந்த பழைய குச்சியைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, ஒரு வேன் நிறையக் குச்சி ஏற்றிக் கெங்கவல்லியில் இறக்கினேன். நல்ல ரகம், கண்ணை மூடிக்கொண்டு நடு என்றேன். அப்படியே சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு என்று.

"மாமனார் காட்டுல நல்லாத்தானே இருந்துச்சு" என்றேன், பலவீனமாக.

"தண்ணியும் ஒரமும் தாராளமாக் குடுத்தா பாதி நோவு வெளிய தெரியாதுங்க" என்றார் தங்கமுத்து. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அன்றைய 1.15 எடப்பாடி – சேலம் பஸ்ஸில் (42 கிலோமீட்டர், 34 ரூபாய்) நான் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. ஈயாகவும் இருக்கலாமே என்று மனம் வழக்குப் பேசிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, அந்தக் குச்சி நட்ட ஒன்றரை மாதத்தில் அக்கா வீட்டுக்குப் போய், இதே வலைப்பக்கத்தில் ஒரு பதிவு போட்டிருக்கிறேன். தேடி எடுத்தேன். படத்தில் முழங்கால் உயரச் செடிகள். கீழே நான் எழுதியிருந்த வரி: "பச்சையும் மஞ்சளும் கலந்து கோலம் போட்ட இளம் இலைகள், என்ன அழகு!"

பெரிதாக்கினேன். அடியில் விட்ட முதல் இலையிலிருந்தே மஞ்சள் திட்டு, முறுக்கல். ஒரு செடி இரண்டு செடி அல்ல, படத்தில் தெரிந்த பாதிச் செடிகள். முப்பத்தோரு பேர் அந்தப் படத்துக்கு விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். ஏஜென்டின் படத்தில் பொய்யைத் தேடி அரை மணி நேரம் செலவழித்தவன், என் படத்தை மூன்று வருடமாக ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

சேலத்தில் மாறி, ஆத்தூரில் மாறி, கெங்கவல்லி சேர 5.20. இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா அடுத்த நடவுக்கு எடுத்த குச்சிகளை வேப்பமர நிழலில் நிறுத்திக் கட்டி வைத்திருந்தாள். அதில் ஆங்காங்கே தளிர் விட்டிருந்தது. விரல் நீளத் தளிர், அதிலேயே மஞ்சள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாயிண்ட், கீழ் இலை, பழைய படம், வேன். போனை வாங்கிப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. ஆனால் அவள் கண் என் மேல் இல்லை.

"மல்லிகா வூட்டுக்கு ரெண்டு கட்டு குடுத்தேன். வடக்குக் காட்டு ராஜிக்கு மூணு கட்டு. போன வருஷம்" என்றாள். "அதுங்க வேணாம்னுதான் சொல்லுச்சிங்க. நான்தான் எங்க தம்பி கொண்டாந்த குச்சி, நல்ல ஜாதின்னு தூக்கிக் குடுத்தேன்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நடந்து பத்து நிமிடத் தூரம், கட்டணம் ஏதுமில்லை, என்னையும் இழுத்துக்கொண்டு மல்லிகா வீட்டுக்குப் போனாள். மல்லிகா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள். "மல்லிகா, நான் குடுத்த குச்சில சீக்கு இருந்திருக்குது. எனக்குத் தெரியாது. அத மறுபடி நடாத. கொளுத்திடு."

மல்லிகா தீவனக் கூடையைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று நான் அரை அடி பின்னால் நின்றேன்.

"நீ சொல்லிட்ட பரிமளா" என்றார் அவர். "நான் எங்கண்ணனுக்கு அதுலதான் ஒரு வண்டி ஏத்திவுட்டேன், தம்மம்பட்டிக்கு. எங்கண்ணி நட்டும் முடிச்சிருக்கும். அதுகிட்ட நான் என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

பிறகு மல்லிகா முகத்தைக் கழுவிக்கொண்டு, தம்மம்பட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். 8.25 என்றேன். அடுத்து ராஜி வீடு. ராஜி அன்று முழுவதும் அக்காவிடம் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை கோழிப்பண்ணைக்காரர் வந்தார். அக்கா முடியாது என்று சொல்லிவிட்டாள். அரை ஏக்கரில் மட்டும் ஏழாம் நம்பர், மீதி ஒரு ஏக்கரில் இந்த முறை சோளம். ஏஜென்ட் கொண்டுவந்த குச்சிகளை ஒரு வாரம் நிழலில் நிறுத்தித் தளிர் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தாள், எழுபது குச்சியைத் திருப்பியும் அனுப்பினாள். வேப்பமரத்தடிக் குச்சிகளை நான் கொளுத்தினேன். பச்சைக் குச்சி எரிய ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. இந்த வருடம் ஒன்பது டன் வராது, அரை ஏக்கர்தானே. பயிர் தேமலுக்குத் தப்பித்துக்கொண்டால் அடுத்த வருடம் ஒன்றரை ஏக்கருக்கும் சொந்தக் குச்சி இருக்கும். தப்பிக்காவிட்டால் கோழிப்பண்ணைக்காரர் மறுபடி வருவார். வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இனி, இப்படி ஒரு சுற்றுப் போக நினைப்பவர்களுக்கு. தையும் மாசியும் சரியான காலம், அறுவடையும் நடவும் ஒன்றாக நடக்கும், இரண்டையும் பார்க்கலாம். பஸ், ஆட்டோ, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்து நானூறு சொச்சம் ஆனது. மில்லுக்குக் காலை பத்து மணிக்கு முன்னால் போனால் வரிசையாக லோடு நிற்கும், மூன்று நான்கு ரகம் பார்க்கலாம். விவசாயி வீட்டுக்கு, என்னைப் போல் இல்லாமல், போன் செய்துவிட்டுப் போங்கள். விளைச்சல் எவ்வளவு என்று கேட்பதோடு தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மாதத்தில் பிடுங்கினீர்கள் என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் டன் கணக்குக்கு அர்த்தமே இல்லை. ரகத்தின் பெயரில் மயங்க வேண்டாம், பழைய ரகத்தை மட்டம் தட்டவும் வேண்டாம். குச்சியைத் தளிர்க்கவிட்டு அடியிலிருந்து பாருங்கள். கொடுப்பவர் சொந்தக்காரர் என்றால் இரண்டு முறை பாருங்கள், அவர் முன்னாலேயே பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எழுத எளிதாக இருக்கிறது. என் மாமனார் இன்னும் ஓமலூரில் குச்சி வெட்டிக்கொண்டிருக்கிறார், கேட்டவர்களுக்கெல்லாம் இந்த மாதமும் கட்டுக் கட்டாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், மருமகன் வேன் வைத்து ஏற்றிப்போன குச்சி என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பதாக என் மனைவிக்குப் பெருமை. அவளிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவை அவள் படிப்பாள். சேலத்திலிருந்து ஓமலூர் 15 கிலோமீட்டர், பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ், 12 ரூபாய். மூன்று வாரமாகிறது, நான் இன்னும் ஏறவில்லை.